கடலுக்கும் ஒரு தராசு உண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எளியேன் ஆலிமும் அல்லன். கல்லூரி கண்டவனும் அல்லன். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கடையில் கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்து கற்றதுமே என் கல்வி. ஆயினும் தராசு பிடித்துப் பிழைக்கின்ற நமக்கு எளிதில் விளங்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. அதையே இந்த இதழில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஸூரத்துர் ரஹ்மானில் அல்லாஹுத் தஆலா வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு, தராசை ஏற்படுத்தியதையும் சொல்கிறான். அந்தத் தராசில் வரம்பு மீறலாகாது, நிறுவையில் குறைவு செய்யலாகாது என்றும் எச்சரிக்கிறான். இதை ஓதும்போது நம்மில் பலர் கடைத் தராசை மட்டுமே நினைக்கிறோம். வானத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட தராசு நம் கடை மேசையோடு நின்றுவிடுமா? படைப்பு முழுவதையும் அவன் ஒரு நிறுவையில் நிறுத்தியிருக்கிறான். அந்த நிறுவை தெளிவாகத் தெரிகிற இடங்களுள் ஒன்று கடல்.

கடலைப் பற்றி நம்மிடம் பேசுவது பொருத்தமே. நம் முன்னோர் கடல் வழியாக வந்தவர்கள். தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழும்பியபோது, அலைகள் அதற்கு எதிரிலேயே வந்து மோதிக்கொண்டிருந்தன. பிற்பாடு மண் கொட்டித் தூர்த்ததால் கடல் தூரப் போய்விட்டது. நமக்கும் கடலுக்கும் உள்ள கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

இக்கான் பிலிஸின் கணக்கு

தேக்கா மார்க்கெட்டில் விற்கும் இக்கான் பிலிஸை எல்லோரும் அறிவோம். நம் ஊர்ப் பக்கத்தில் நெத்திலி என்போம். காசுக்கு மலிவான மீன். நாசி லெமாக்கில் ஒரு பிடி போட்டுச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் கடலின் பேரேட்டில் அது சிறிய பெயரன்று.

கடலின் மேல்மட்டத்தில், வெயில் படும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. நிலத்தில் புல்லும் மரமும் செய்கிற வேலையைக் கடலில் அவை செய்கின்றன. சூரிய ஒளியை உணவாக மாற்றுகிற கைமுதல் அவைதாம். அவற்றைக் கூனியிலும் சிறிய பூச்சிகள் தின்கின்றன. அப்பூச்சிகளை நெத்திலியும் சாளையும் தின்கின்றன. நெத்திலியை வஞ்சிரமும் சூரையும் தின்கின்றன. அவற்றைச் சுறா தின்கிறது. செத்து அடியில் விழுவதை நண்டும் கடலட்டையும் புழுவும் தின்று, மறுபடி பாசிக்கு உரமாக்கிக் கொடுக்கின்றன. வரவும் செலவும் ஒரே பேரேட்டில் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இந்தச் சுற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் உயிர் தின்றதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அதன் உடம்பில் சதையாகத் தங்குகிறது. மிச்சமெல்லாம் நீந்துவதற்கும் மூச்சு விடுவதற்கும் உயிரைக் காப்பதற்கும் செலவாகிவிடுகிறது. அப்படியானால் ஒரு கிலோ வஞ்சிரம் உருவாக ஏறத்தாழ 10 கிலோ நெத்திலி வேண்டும். அந்த 10 கிலோ நெத்திலிக்கு 100 கிலோ சிறு பூச்சிகள் வேண்டும். அதற்கு 1,000 கிலோ பாசி வேண்டும். நாம் விலை பேசி வாங்குகிற ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பின்னால் ஒரு டன் பாசி நிற்கிறது! என்னே அவன் ஏற்பாடு!

கீழே உள்ளதை வாரிவிட்டால் மேலே உள்ளது என்ன ஆகும்? தென் அமெரிக்காவில் பெரு என்னும் தேசத்தின் கரையில் நெத்திலி இனம் மலை மலையாக விளைந்தது. அதைப் பிடித்து அரைத்துக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக உலகமெங்கும் அனுப்பினார்கள். 1970-ஆம் ஆண்டில் பிடித்தது 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். 1972-ல் கடல் நீர் சூடேறியது. அப்படிச் சூடேறுவது அங்கே அவ்வப்போது நடப்பதுதான். ஆனால் அந்தத் தடவை மீன் கூட்டம் ஏற்கெனவே மிஞ்சிப் பிடிக்கப்பட்டு இளைத்திருந்தது. 1973-ல் கிடைத்தது சுமார் 20 லட்சம் டன்தான். படகுகள் சும்மா நின்றன. அந்த நெத்திலியை நம்பி வாழ்ந்த கடற்பறவைகளும் ஏராளமாக மடிந்தன. ஐந்தொகை எழுதத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாபத்தை உண்பவன் நெடுநாள் உண்பான்; முதலை உண்பவன் ஒரு நாள் கடையை மூடுவான்.

தின்பவனாலும் நன்மை உண்டு

இரை இல்லாவிட்டால் தின்பவன் பட்டினி கிடப்பான் என்பது குழந்தைக்கும் விளங்கும். தின்பவன் இல்லாவிட்டால் இரையும் கெடும் என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஷார்க் பே என்னும் வளைகுடா இருக்கிறது. அங்கே கடலடியில் புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன. அந்தப் புல்லைக் கடற்பசுவும் பேராமையும் மேய்கின்றன. அவற்றை வேட்டையாடுவது புலிச்சுறா. விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் அங்கே தங்கிப் பார்த்ததில் ஓர் உண்மை வெளிப்பட்டது. புலிச்சுறா நடமாடும் காலத்தில் கடற்பசுக்கள் ஒரே இடத்தில் நின்று மேய்வதில்லை. நல்ல புல் இருந்தாலும் ஆபத்தான இடத்தைக் குறைத்துக்கொண்டு, தப்பிக்க வழியுள்ள இடத்துக்கு ஒதுங்குகின்றன. அதனால் புல் வேரோடு அழியாமல் தழைக்கிறது. புல் தழைத்தால் இறாலும் சிறு மீனும் அதில் குஞ்சு பொரித்து வளர்கின்றன. ஆக, சுறாவின் பயம் புல்லுக்குக் காவல். புல் கடற்பசுவுக்கே நாளைய உணவு. சுறா கொன்று தின்பதும், சில நேரம் சும்மா நடமாடுவதும்கூட, அந்த இனத்துக்கே ரஹ்மத்தாக முடிகிறது.

இன்னோர் உதாரணம் வியாபாரிகளாகிய நாம் கேட்க வேண்டியது. வட பசிபிக் கடலில் கடல் நீர்நாய் என்னும் பிராணி உண்டு. அதன் தோல் மிக மென்மையானது. 1741-க்குப் பிறகு தோல் வியாபாரிகள் அந்தக் கரைகளில் இறங்கி, ஏறக்குறைய 170 ஆண்டுகள் அதைக் கொன்று விற்றார்கள். பல தீவுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த நீர்நாயின் உணவு கடல் முள்ளெலி. முள்ளுருண்டை போன்ற அந்தப் பிராணி, கெல்ப் என்னும் உயரமான கடற்பாசியை அடியோடு கடித்துத் தின்னும். நீர்நாய் போனதும் முள்ளெலி பெருகிற்று. முள்ளெலி பெருகியதும், காடு போல் நின்ற பாசி அழிந்து, கடலடி வெறும் பாறையாயிற்று. அந்தக் காட்டில் வாழ்ந்த மீன்களும் போயின. 1911-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ரஷ்யா ஆகிய 4 தேசங்கள் உடன்படிக்கை செய்து வேட்டையை நிறுத்தின. நீர்நாய் திரும்பி வந்த இடங்களில் பாசிக் காடும் திரும்பி வந்தது. 1974-ல் இரு விஞ்ஞானிகள், நீர்நாய் உள்ள தீவையும் இல்லாத தீவையும் ஒப்பிட்டு இதை உலகுக்கு எடுத்துக் காட்டினார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். தோலை விற்ற வியாபாரி ஒரு பிராணியைத்தான் விற்றதாக நினைத்தான். ஒரு கடற்காட்டையே விற்றுவிட்டான் என்பது அவனுக்குத் தெரியாது. இது முதல் பாடம். கையை இழுத்துக்கொண்டால் அல்லாஹ் திரும்பவும் கொடுக்கிறான் என்பது இரண்டாவது. தௌபாவின் கதவு மனிதனுக்குத் திறந்திருப்பது போலவே, கடலுக்கும் மீளும் வழியை அவன் வைத்திருக்கிறான்.

மிருகங்கள் தங்கள் எல்லையைத் தாண்டுவதில்லை. யூனுஸ் நபி (அலை) அவர்களை விழுங்கிய மீனும் தனக்கு இடப்பட்ட கட்டளையைத் தாண்டவில்லை. சுறாவுக்கு வயிறு நிறைந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. மனிதனுடைய கிட்டங்கி மட்டும் நிறைவதே இல்லை.

நம் கரையிலிருந்து வந்த சரக்கு

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இராமநாதபுரத்துக் கரையும் மன்னார் வளைகுடாவும் நம்மில் பலருக்குப் பிறந்த மண், அல்லது பாட்டன் பிறந்த மண். அந்தக் கடலிலிருந்து இந்தச் சிங்கப்பூருக்குச் சங்கும் கருவாடும் மட்டுமா வந்தன? கடலட்டையும் சுறா இறக்கையும் வந்தன. இரண்டும் சீனர் விருந்தில் மதிப்புள்ளவை. கடலட்டையை அவித்து, மணலில் புதைத்து, மேல் தோலைச் சுரண்டி, மறுபடி அவித்துக் காயவைக்கும் தொழில் அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்தது.

கடலட்டையைப் பார்த்தால் ஒரு பிரயோசனமும் இல்லாத ஜந்து என்றே தோன்றும். கண்ணும் இல்லை, காலும் இல்லை. ஆனால் அதன் வேலை என்ன தெரியுமா? கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள அழுக்கைச் செரித்து, சுத்தமான மணலாக வெளியே விடுகிறது. நம் தெருவைக் கூட்டுகிறவர் ஒரு வாரம் வராவிட்டால் சிராங்கூன் சாலை எப்படி இருக்கும்? அட்டை இல்லாத கடலடியின் கதியும் அதுதான். அது மணலைக் கிளறிச் சுத்தப்படுத்துவதால்தான் கடற்புல்லுக்கு உரம் சேருகிறது.

அளவுக்கு மீறிப் பிடித்ததால் அட்டை குறைந்தது. 1982-ல் இந்திய அரசு, 3 அங்குலத்துக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யலாகாது என்றது. அது போதவில்லை. 2001-ல் எல்லாக் கடலட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து முழுத் தடை விதித்தது. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "இன்னும் கடலில் சில கிடக்கத்தானே செய்கின்றன?" என்று கேட்போர் உண்டு. ஆணும் பெண்ணும் தம் விந்தையும் முட்டையையும் கடல் நீரில்தான் விடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கரு உண்டாகும். ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகச் சிதறிக் கிடந்தால், உயிரோடு இருந்தும் வம்சம் இல்லை.

சுறாவின் கதையும் அப்படித்தான். நெத்திலி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுறாவோ பல வகைகளில் பருவமடையவே பல ஆண்டுகள் செல்லும்; ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகள்தாம். பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு ஆக்கிக் கொடுக்கிற நம் வீட்டு வழக்கத்தால் சுறா இனம் அழிந்துவிடாது. உலகச் சந்தைக்காக, இறக்கையை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுகிற பேராசையால்தான் அழிகிறது. விரிகடலில் வாழும் சுறாவும் திருக்கையும் 1970-லிருந்து 71 சதவிகிதம் குறைந்துவிட்டன என்று 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. 2015 பிப்ரவரியில் இந்தியா சுறா இறக்கை ஏற்றுமதியைத் தடை செய்தது. நம் சிங்கப்பூரைப் பற்றி 2017-ல் வந்த ஓர் அறிக்கை, 2005 முதல் 2014 வரையிலான கணக்கைப் பார்த்து, சுறா இறக்கை வியாபாரத்தில் மதிப்பின்படி உலகில் இரண்டாம் இடம் இந்த ஊருக்கு என்றது. தீவு சிறியது, அதன் கிட்டங்கி பெரியது. ஆகவே அதன் பொறுப்பும் பெரியது.

பாக் நீரிணையில் ஆவுளியா என்று நம் மக்கள் அழைக்கும் கடற்பசு, இந்தியக் கடல் முழுவதிலும் சில நூறுதான் இருக்கும் என்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கென்று ஒதுக்கியது. இங்கேயும் புலாவ் ஊபினில் செக் ஜாவாவின் கடற்புல்வெளியை, மண் கொட்டித் தூர்க்க இருந்த வேளையில், 2001 டிசம்பரில் அரசு நிறுத்தி வைத்தது. அந்தப் புல்லில் ஆவுளியா மேய்ந்த தடம் காணப்பட்டிருக்கிறது. அங்கும் இங்கும் ஒரே புல், ஒரே பிராணி, ஒரே தராசு.

ஹலால் என்றால் போதுமா?

"கடல் பொருள் ஹலால்தானே?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். கடல் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டது உண்மை. ஸூரத்துந் நஹ்லில், பசுமையான இறைச்சியை உண்ணவும் ஆபரணங்களை எடுக்கவும் கடலை வசப்படுத்தித் தந்ததாக ரப்பு அறிவிக்கிறான். பசியால் வாடிய 300 சஹாபாக்களுக்குக் கடல் ஒரு பெரிய மீனைக் கரையில் ஒதுக்கிக் கொடுத்த சம்பவத்தையும் ஓதியிருக்கிறோம். மீனல்லாத கடற்பிராணிகளைப் பற்றி ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை ஆலிம்களிடம் விடுவோம்.

ஆனால் அதே மார்க்கம், ஓடுகிற ஆற்றில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கிறது. ஆறு வற்றிவிடும் என்பதற்காகவா? நம் உள்ளம் வரம்பில் நிற்க வேண்டும் என்பதற்காக! ஹலாலான பொருளையும் வரம்பு மீறி எடுத்தால் அது இஸ்ராஃப். நிலத்திலும் கடலிலும் கேடு தோன்றுவதற்குக் காரணம் மனிதரின் கரங்கள் தேடிக்கொண்டதே என்பதை ஸூரத்துர் ரூமில் காண்கிறோம். கடல் என்ற சொல்லும் அங்கே சேர்ந்தே வந்திருக்கிறது, கவனியுங்கள்!

ஸூரத்துல் அஃராஃபில் கடற்கரை ஊர் ஒன்றின் சரித்திரம் வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கலாகாது என்பது அவ்வூராருக்கு இடப்பட்ட கட்டளை. அன்றைக்குத்தான் மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலே வரும். மற்ற நாளில் வரமாட்டா. அவர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளிக்கிழமையே வலையை விரித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டார்கள் என்று தப்ஸீர்களில் காணப்படுகிறது. சட்டத்தை மீறவில்லை என்று பெயர். சட்டத்தின் உயிரைக் கொன்றார்கள். அதற்காகப் பிடிக்கப்பட்டார்கள்.

நம் காலத்துச் சனிக்கிழமை எது? தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் சினை விடும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. அது ஒரு சனிக்கிழமை. அட்டைக்கும் சுறா இறக்கைக்கும் உள்ள தடை இன்னொன்று. அந்தக் கரையில் அட்டை மூட்டை பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. பெட்டியின் மேல் வேறு சரக்கின் பெயரை எழுதி, வேறு கரை வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறவன், வெள்ளிக்கிழமை வலை விரித்தவனின் வாரிசல்லவா? பிடிபடும்போது சிறைக்குப் போகிறவன் பெரும்பாலும் கூலிக்கு மூழ்கிய ஏழை. முன்பணம் கொடுத்தவன் கண்ணில் படுவதே இல்லை. துன்யாவின் போலீசுக்குத் தெரியாத அந்த முன்பணம் கிராமுன் காத்திபீன்களின் ஏட்டில் பதிவாகாமலா போகும்?

"நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவானே!" என்பது கடைசிச் சமாதானம். இதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உதாரணமே பதில். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஒரே கப்பலில் சிலர் மேல் தட்டில், சிலர் கீழ்த் தட்டில். கீழே இருப்போர் மேலே போய்த் தண்ணீர் எடுப்பது தொந்தரவு என்று எண்ணி, தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட நினைக்கிறார்கள். மேலே உள்ளோர் தடுத்தால் இரு சாராரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் இரு சாராரும் மூழ்குவார்கள். என் இடத்தில்தானே ஓட்டை போடுகிறேன் என்ற வாதம் கரையில் செல்லும், கடலில் செல்லாது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியம் எதையும் சொல்ல வரவில்லை. கடல் சரக்கில் கை வைக்கும் சகோதரர்கள், அது எந்தக் கடலில் பிடித்தது, எந்தக் காகிதத்தோடு வந்தது என்று கேட்டுக் கொள்முதல் செய்யட்டும். இந்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலில் உள்ள பிராணிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2022-ல் பனாமாவில் கூடிய சர்வதேச மாநாடு இன்னும் பல சுறா வகைகளை அத்தகைய பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஊரிலுள்ள மைத்துனரோ மச்சானோ தடைச் சரக்குக்கு முன்பணம் கேட்டால், "அது வேண்டாம், வேறு தொழிலுக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். 61 நாள் கரையில் இருக்கும் மீனவக் குடும்பம் நம் ஜமாஅத்தில் இருந்தால் ஸதகாவில் நினைவு வையுங்கள். வலீமா விருந்தில் பெருமைக்காகச் சுறா இறக்கை சூப் வைக்காமல் இருப்பதால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

தராசில் மோசம் செய்கிறவர்களுக்குக் கேடு என்றே ஒரு ஸூரா தொடங்குகிறது. வாடிக்கையாளரிடம் 10 கிராம் குறைத்தால் அது மோசம் என்று நமக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய கடலை இன்றைக்கே எடைபோட்டு விற்றுவிட்டால் அதற்கு என்ன பெயர்? கடல் நம்மிடம் அமானத். கைமுதலைக் கெடுக்காமல் அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே அமானத்தின் ஹக்கு.

எல்லாம் வல்ல நாயன் நம் வியாபாரத்தில் பறக்கத்தையும், நம் தராசில் நேர்மையையும், நம் ஆசையில் வரம்பையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.